ரஹீம் மாமு சொன்ன ஏழு மணி நேரம்

வாழ்க்கைக் குறிப்பை இறந்துபோனவர்களுக்குத்தான் எழுதுவார்கள். இது உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றியது. பெயர் ரஹீம். வயது அறுபத்து மூன்று. ராயபுரம் கல்மண்டபத்தில் விமான டிக்கெட் கடை வைத்திருக்கிறார். என் அம்மா ஷம்ஷாத்தின் அண்ணன், எனக்கு மாமு. அவர் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஏதாவது தப்பாக இருந்தால் சொல்லட்டும், திருத்துகிறேன்.

அவருடைய அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைத்தவர். மாமு எட்டாவது வரை படித்தார். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். அதை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட் அலுவலக வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அரபு நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பித் தர ஆரம்பித்தார். பிறந்த தேதி தெரியாது என்று தலையைச் சொறிகிறவர்களுக்கு அவரே ஒரு தேதி போட்டுவிடுவார். எங்கள் தெருவில் ஐம்பது தாண்டிய ஆண்களில் பாதிப் பேருக்குப் பிறந்த நாள் ஜூன் முதல் தேதி. எல்லாரும் ரஹீம் பெற்ற பிள்ளைகள் என்று என் அத்தா, அதாவது அப்பா, சொல்லிச் சிரிப்பார்.

பிறகு கடை. பத்தடிக்கு எட்டடி. மேசைக்குப் பின்னால் சுவரில் நாலு கடிகாரங்கள்: சென்னை, துபாய், ஜித்தா, கோலாலம்பூர். மாதம் பிறந்ததும் நாலுக்கும் பேட்டரி மாற்றுவார். ஓடிக்கொண்டிருக்கும் பேட்டரியையும் மாற்றுவார். "நின்னப்புறம் மாத்துனா அது கடியாரம் இல்ல, காலண்டரு" என்பார். சின்ன வயதில் நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒரு கருவியைச் சரிபார்ப்பது என்றால் என்னவென்று நான் முதலில் பார்த்தது அந்தக் கடையில்தான். அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

டிக்கெட்டில் நேரம் அச்சடித்திருந்தாலும் எங்கள் பக்கத்தில் அதை யாரும் நம்ப மாட்டார்கள். மாமுவைத்தான் கேட்பார்கள்.

"பாய், குவைத்து?"

"அஞ்சு."

"மஸ்கட்டு?"

"மூணே முக்கா."

"தோஹா?"

"நாலரை. மூவாயிரத்து முந்நூறு கிலோமீட்டரு."

ஒருமுறை ஒருவர் விடாமல் கேட்டார். அப்போது நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தேன். "தோஹாலேந்து வர்ற டிக்கெட்டுல எட்டுக்கு ஏறி மூணுக்கு எறங்குதுன்னு போட்டுகீதே பாய். ஏழு வருதே?"

"அது கடியாரம் சொல்ற கணக்கு. அங்க எட்டுன்னா இங்க பத்தரை. உன் முதுகக் கேட்டுப் பாரு, நாலரைன்னு சொல்லும்."

மெக்காவுக்கு உம்ரா என்னும் புனிதப் பயணம் போகும் கூட்டங்களை அமீராக, அதாவது தலைவராக, அழைத்துக்கொண்டு பதினோரு தடவை ஜித்தா போய்வந்திருக்கிறார். இறங்குவதற்கு அரை மணி நேரம் இருக்கும்போது இருக்கை வரிசைகளில் நடந்துபோய், வயதானவர்களின் கைக்கடிகாரங்களைக் கழற்றி வாங்கி, இரண்டரை மணி நேரம் பின்னால் திருப்பிக் கொடுப்பாராம். அவரோடு போய்வந்த யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். தோஹாவுக்கும் அதே இரண்டரைதான்.

இவ்வளவையும் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த விஷயத்தில் தப்பு செய்ய முடியாத ஒரே ஆள் ராயபுரத்தில் அவர்தான்.

என் அத்தா கலீலுல்லா கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டினார். எண்ணூர் பக்கத்து யார்டில் ஏற்றித் துறைமுகத்துக்குக் கொண்டுவருவார். ஒன்பது கிலோமீட்டர். லாரி வரிசை நின்றுவிட்டால் அதற்குப் பதினாலு மணி நேரம் ஆகும். வண்டியிலேயே சாப்பாடு, வண்டியிலேயே தூக்கம். பல வருடம் அந்தப் புழுதியைக் குடித்ததில் நுரையீரல் போனது. சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார், யாருக்கும் அடங்க மாட்டார். அவரும் மாமுவும் ஒரே தெருவில் கோலி ஆடியவர்கள். நண்பனுக்குத் தங்கையைக் கொடுத்தவர் மாமு.

ஐந்து வருடம் முன்பு எனக்குத் தோஹாவில் ஓர் எரிவாயு ஆலையில் வேலை கிடைத்தது. அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் பொறியாளர் வேலை. அத்தா என்னைக் கூட்டிக்கொண்டு மாமு கடைக்குப் போனார். கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

மாமு தலையைத் தூக்காமல் சொன்னார்: "கண்ணாலம் ஆவாத பொண்ணத் தனியா ஏத்தி வுடறதுக்கு என் கடைல டிக்கெட்டு கெடையாது கலீலு. நாளைக்கு ஜமாஅத்துல என்னியத்தான் கேப்பாங்க."

"ஜமாஅத்தா அவள படிக்க வெச்சுது?"

"சொல்றதச் சொல்லிட்டேன். அப்புறம் உன் இஷ்டம்."

அத்தா கடையை விட்டு இறங்கினார். சாலையைக் கடந்தார். எதிரில் ரோஷன் என்ற பையன் ஒரே ஒரு கம்ப்யூட்டரோடு அந்த வருடம்தான் கடை திறந்திருந்தான். பத்து நிமிடத்தில் டிக்கெட் கைக்கு வந்தது. அதோடு வீட்டுக்கு வந்திருக்கலாம். அத்தாவுக்கு அது போதவில்லை. அந்தத் தாளை ஊர்வலத்தில் கொடி பிடிக்கிற மாதிரி தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஆட்டோக்களை நிறுத்தி, சாலையைத் திரும்பக் கடந்து வந்து மாமு கடை வாசலில் நின்றார்.

"மச்சான், பிரிண்டு எம்மாம் பளிச்சுனு கீது பாரு!"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அந்தப் பேச்சு ஓடியது: சொந்தத் தங்கச்சி மவளுக்கே எதிர்க்கடை டிக்கெட்டாம். மாமு இரண்டு பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மூன்றாவதற்கு வந்தார். அத்தா அவர் தட்டில் தானே கறியை அள்ளி வைத்தார். தீர்ந்தது என்று எல்லாரும் நினைத்தோம்.

போன ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி, விடியற்காலைத் தொழுகைக்குச் சற்று முன்னால் அத்தா இறந்துபோனார். தம்பி ஒவைஸ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னான். அடுத்த விமானம் தோஹா நேரம் காலை எட்டு மணிக்கு. நம் நேரம் பத்தரை. சென்னையில் இறங்குவது இரண்டு ஐம்பத்தைந்து. விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு இருபத்துநாலு கிலோமீட்டர். எவ்வளவு நெரிசலாக இருந்தாலும் ஐந்து மணிக்குள் வீடு. டிக்கெட்டைப் போட்டுவிட்டு ஓடினேன்.

எங்களில் மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, போட்டுவைக்க மாட்டார்கள், அன்றைக்கே அடக்கம். ஆனால் பிள்ளை வருகிறதென்றால் சில மணி நேரம் வைப்பார்கள். மாலை நாலு மணித் தொழுகைக்குப் பின் எடுப்பதை, சூரியன் மறைந்த பிறகு ஆறரை மணித் தொழுகைக்குப் பின் எடுப்பார்கள். எல்லாருக்கும் செய்கிறதுதான். மகனாவது கபர்ஸ்தானுக்கு, அடக்கம் செய்யும் இடத்துக்கு, ஓடிப்போய்ப் பிடிக்கலாம். மகளுக்கு அது கிடையாது. எங்கள் பக்கத்தில் பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போவதில்லை. வீட்டிலிருந்து தூக்குவதற்குள் முகத்தைப் பார்த்தால்தான் உண்டு.

இன்னொரு வழக்கமும் எங்கள் தெருவில் இருக்கிறது. இழவு விழுந்த வீட்டில் எல்லாருடைய போனையும் ஒருவர் வாங்கித் தன்னிடம் வைத்துக்கொள்வார். அழுகிறவர்களால் பதில் சொல்ல முடியாது. அடக்கம் எப்போது, யார் யார் வருகிறார்கள் என்பதை ஒரே வாயில் சொன்னால் குழப்பம் வராது. அன்றைக்கு ஒவைஸின் போனும் அம்மாவின் போனும் மாமுவின் ஜிப்பா பையில் இருந்தன.

விமானம் ஏறும் வாசலிலிருந்து ஒவைஸின் எண்ணைக் கூப்பிட்டேன். மாமு எடுத்தார்.

"அழுவாத ஜஸீமா. பொறுமையா வா. உங்க அத்தன் உனக்காவத்தான் காத்துகினு கீறான்."

நன்றி மாமு என்றேன். அதையும் எழுதத்தான் வேண்டும். பிறகு அதே எண்ணுக்குச் செய்தி அனுப்பினேன்: "சென்னை இறங்கும் நேரம் மதியம் 2.55. ஐந்துக்குள் வீடு. அத்தாவை வையுங்கள்."

இறங்கியதும் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. பதினொரு தடவை கூப்பிட்டேன். டாக்ஸி கல்மண்டபம் வந்து சேர்ந்தபோது நாலு முப்பத்தெட்டு. வீட்டு வாசலில், குளிப்பாட்டுவதற்குப் பள்ளிவாசலிலிருந்து கொண்டுவந்த பலகையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஈரம் காயவில்லை. உள்ளே பெண்கள் மட்டும் இருந்தார்கள்.

அம்மா சொன்னாள்: "நீ ராவிக்கிதான் வருவேன்னாங்களேடி."

"யாரு சொன்னாங்க?"

"அண்ணன்தான். ஏழு மணி நேரம் ஆவும்னாரு."

கபர்ஸ்தான் இரண்டு தெரு தள்ளி. ஓடினேன். வாசலில் நின்றேன். ஒவைஸ் வெளியே வந்தான், முழங்கை வரை மண். என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். அவனுக்குப் பின்னால் மாமு, குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியாமா? ஃப்ளைட்டு முன்னாடியே வந்துடுச்சா?"

"இல்ல மாமு. மூணு நிமிஷம் லேட்டு" என்றேன்.

என்ன நடந்தது என்று ஜமாஅத் தலைவர்தான் பிறகு சொன்னார். அவர் நல்ல மனிதர், விவரம் எல்லாம் ஒளிக்காமல் சொன்னார். காலை பத்தரைக்கு அவர் வீட்டுக்கு வந்து, மகள் எப்போது வருகிறாள் என்று கேட்டிருக்கிறார். நாற்பது பேர் முன்னால் மாமு சொன்ன பதில்: "இப்பதான் ஏறுறா. தோஹாலேந்து ஏழு மணி நேரம். அஞ்சரைக்கி எறங்குனா, பெட்டி கிட்டி எடுத்துகினு, டிராபிக்ல இங்க வந்து சேர எட்டாவும்." ஐஸ் பெட்டி வைக்கலாமே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மையத்துக்கு நோவினை கொடுக்கக் கூடாது என்று மாமு மறுத்திருக்கிறார். ஒவைஸ் எனக்காக முகத்தை ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டிருக்கிறான். வேண்டாம் என்றிருக்கிறார். நேரம் சொன்னது ரஹீம் பாய். அவர் சொன்ன பிறகு யார் சந்தேகப்படுவார்கள்? நாலு மணித் தொழுகைக்குப் பின் எடுப்பது என்று முடிவானது.

ஒரு கருவி தப்பாகக் காட்டினால் இரண்டு காரணம்தான் இருக்க முடியும். கருவி கெட்டுப்போயிருக்க வேண்டும், அல்லது யாரோ திருகியிருக்க வேண்டும். முதலாவதை முதலில் பார்ப்பது வேலையின் ஒழுங்கு. மூன்றாம் நாள் மாமுவின் கடைக்குப் போனேன். நாலு கடிகாரமும் சரியாக ஓடிக்கொண்டிருந்தன.

"ஏன் மாமு ஏழுன்னு சொன்னீங்க?"

"வயசாயிடுச்சி மா. கணக்குல தப்பு பூந்துடுச்சி. எட்டுக்கு ஏறி மூணுக்கு எறங்குது, அப்ப ஏழுன்னு போட்டுட்டேன். அத்த எடுத்து நம்ம பத்தரையோட கூட்டிட்டேன். அல்லாவோட நாட்டம், இன்னா பண்றது."

"மூணுன்னா எந்த ஊரு மூணு மாமு?"

அவர் மேசை மேலிருந்த தாள்களை அடுக்கினார்.

"சென்னை மூணுதானே? மூணுக்கு எறங்குதுன்னு தெரிஞ்ச ஆளு, எப்படி அஞ்சரைக்கி எறங்குதுன்னு சொன்னீங்க?"

"துக்கத்துல கீற. வூட்டுக்குப் போம்மா" என்றார். மேசையில் இருந்த ரப்பர் ஸ்டாம்பை எடுத்து, எதன் மேலும் குத்தாமல், திரும்ப வைத்தார்.

வீட்டுக்கு வந்து ஒவைஸின் போனை வாங்கிப் பார்த்தேன். என் செய்தி படிக்கப்பட்ட நேரம் அதில் பதிவாகியிருக்கவில்லை. என் போனில் இருந்தது. படித்தது காலை பத்து பதினாலு. அவர் ஜமாஅத் தலைவருக்குப் பதில் சொன்னது பத்தரை. நடுவில் பதினாறு நிமிடம். கருவியில் கோளாறு இல்லை.

எனக்கு முப்பது நாள் விடுப்பு கிடைத்திருந்தது. ஒவைஸ் அழுதான். "வுட்டுடுக்கா. தப்பு நடந்துபோச்சி. நாளைக்கு மாமு மூஞ்ச எப்டி பாக்குறது?"

"நான் பாக்க வேண்டிய மூஞ்ச பாத்தேனாடா?"

ஆயிரம் பிட் நோட்டீஸ் அடித்தேன். அதில் எழுதியதை அப்படியே இங்கே தருகிறேன்: "சென்னை – தோஹா விமான நிலையங்களுக்கு இடையே சுமார் 3,300 கிலோமீட்டர். பயண நேரம் நாலரை மணி. ஏழு மணி அல்ல. ஆகஸ்ட் 11 அன்று கலீலுல்லாவின் மகள் இறங்கும் நேரம் ரஹீம் பாயின் கையில் இருந்தது. அவர் ஜமாஅத்திடம் வேறு நேரம் சொன்னார். சந்தேகம் உள்ளவர்கள் அவர் கடைக் கடிகாரங்களைப் பார்க்கவும். – ஜஸீமா, கலீலுல்லாவின் மகள்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் வெளியே வரும் நேரத்தில் பள்ளிவாசல் தெருமுனையில் நின்று நானே கொடுத்தேன். வாங்க மறுத்தவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் நின்று படித்தார்கள். மாமுவிடமும் ஒன்றை நீட்டினேன். வாங்கினார், படித்தார், நாலாக மடித்து ஜிப்பா பையில் வைத்துக்கொண்டு போனார்.

நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்தது. எங்கள் பக்கத்தில் ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் உரிக்க முடியாது. ஒரே வாரத்தில் அவர் 'ஏழவரு பாய்', அதாவது ஏழு மணி நேர பாய், ஆனார். டீக்கடையில் ஒருவன் டீ எப்ப வரும் என்று கேட்டால், "நம்ம டைமா, ரஹீம் பாய் டைமா?" என்று கடைக்காரர் கேட்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடை வாசலில் நின்று, "பாய், கல்மண்டபத்துலேந்து டோல்கேட்டுக்கு எத்தினி அவரு? ஏழா?" என்று கத்திவிட்டு ஓடுவார்கள். ஒருநாள் அவர் துரத்திக்கொண்டு வந்து பாதியில் மூச்சு வாங்கி நின்றதை ரோஷன் கடையிலிருந்து பார்த்தேன். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்ததாக எழுதினால் அது பொய்.

அடுத்த மாத உம்ராவுக்கு அவரிடம் அறுபது பேர் பதிந்திருந்தார்கள். பத்தொன்பது பேர் விலகினார்கள்.

அம்மா இத்தாவில் இருந்தாள். கணவன் போன பின் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வராமல் இருக்கும் கடமை. கூடப் பிறந்தவர் வந்து பார்க்கலாம். இருபத்திரண்டாம் நாள் காலை மாமு வந்தார். நேராக அம்மாவின் அறைக்குப் போகாமல், நான் உட்கார்ந்திருந்த கூடத்தில் தரையில் உட்கார்ந்தார். நாற்காலி இருந்தது.

"வெள்ளிக்கெழம கூட்டத்த கூட்டிகினு ஜித்தா போறேன். எல்லாராண்டயும் மாப்பு கேட்டுகினு வர்றேன். உன்னாண்டயும் கேக்குறேன். மாப்பு குடு மா."

புனிதப் பயணம் போகிறவர் யாருக்குத் தீங்கு செய்தாரோ அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். படைத்தவனுக்குச் செய்த பாவத்தைப் படைத்தவன் மன்னிப்பான். மனிதருக்குச் செய்ததை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும், மேலே இருக்கிறவன்கூட அதில் தலையிட மாட்டான். சின்ன வயதில் ஓதக் கற்றபோதே சொல்லிக் கொடுத்தது. மாமுவுக்கு என்னிடமிருந்து தேவைப்படுகிற பொருள் ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்பது அந்த நிமிடம் எனக்கு உறைத்தது.

"எதுக்கு மாப்பு?" என்றேன்.

"தெரியாம சொன்னதுக்கு."

"தெரியாம சொன்னதுக்கு மாப்பே வேணாமே மாமு. அது பாவமே இல்லியே."

அவர் கழுத்து சிவந்தது. அறைக்குள்ளிருந்து அம்மா, "வூட்டுக்கு வந்தவர இப்டியாடி கேப்பாங்க? குடுத்துடுடி" என்றாள்.

"இன்னா பண்ணணுங்குற?" என்று மாமு கேட்டார்.

"உங்க கூட்டத்து ஆளுங்க நாப்பத்தொரு பேர் முன்னாடி, தெரிஞ்சேதான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சொன்னா?"

"மொதல்ல சொல்லுங்க."

எழுந்து போய்விட்டார். நான் வேறு எதுவும் சொல்லவில்லை. ஒவைஸ் பக்கத்திலேயே இருந்தான், அவனைக் கேட்கலாம்.

வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன் மாமுவின் ஆள் ஒருவர் வந்து, விமான நிலையத்துக்கு வரச் சொன்னார் என்றார். தெருவில் சொல்ல அவருக்கு மனமில்லை. ஊரை விட்டுப் போகும் வாசலில் சொல்லிவிட்டு உள்ளே நுழைந்துகொள்வது அவருடைய திட்டம். பரவாயில்லை என்று போனேன்.

விமானம் மதியம் இரண்டரைக்கு. பத்தரை மணிக்குக் கூட்டம் புறப்பாட்டு வாசலுக்கு வெளியே கூடியிருந்தது. எல்லார் கழுத்திலும் பச்சை அட்டை. வழியனுப்ப வந்தவர்கள் வேறு. அழுகை, சிரிப்பு, பிரியாணிப் பொட்டலம். மாமு தோளில் ஒரு பை மாட்டியிருந்தார். எல்லாருடைய பாஸ்போர்ட்டும் அதில் ரப்பர் பேண்டு போட்டு இருக்கும். கூட்டத்துக்கு வழிகாட்ட வந்திருந்த, மார்க்கம் படித்த ஹஜ்ரத் மெலிந்த மனிதர், யாரிடமும் அதிகம் பேசாதவர்.

மாமு கையைத் தட்டினார். கூட்டம் திரும்பியது.

"ஒரு நிமிசம் எல்லாரும் கேளுங்க. இது என் தங்கச்சி பொண்ணு ஜஸீமா. இவ அத்தன் கலீலு மௌத்தான அன்னிக்கி நான் ஏழு மணி நேரம்னு சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்னு சொல்லிகினு இருந்தேன். தப்பு இல்ல. இந்தப் பொண்ணு எப்ப எறங்குதுன்னு போன்ல பாத்துட்டுத்தான் சொன்னேன்."

அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"அவன் நாலு வருசம் முந்தி நடு ரோட்டுல என்னிய சிரிக்க வெச்சான். என் கடை வாசல்ல. இவளும் சிரிச்சா. அன்னிக்கி மெசேஜி பாத்ததும், இவளுக்காவ அவன காக்க வெக்கணுமான்னு தோணிச்சி. வாய்ல வந்துடுச்சி. சொன்னப்புறம் மாத்த வாய் வரல. நாப்பது பேர் கேட்டுட்டாங்க." என் பக்கம் திரும்பினார். "சொல்லிட்டேன் மா. மாப்பு குடு."

நானும் சிரித்தேன் என்பது அவருக்கு நினைவிருக்கிறது. அது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

ஒரு கிழவி, "குடுத்துடு கண்ணு, மெக்காவுக்குப் போறாரு" என்றாள். ஒவைஸ் என் முழங்கையைத் தொட்டான். போன் அடித்தது, அம்மா. எடுக்கவில்லை.

ஹஜ்ரத் என் முன்னால் வந்து, தரையைப் பார்த்தபடி பேசினார். "மன்னிக்கிறது உங்க உரிமை. வற்புறுத்த யாருக்கும் உரிமை இல்ல. நான் ஒரு தடவைதான் கேப்பேன். மன்னிக்கிறீங்களா?"

"இல்ல ஹஜ்ரத்."

"சொன்னா குடுப்பேன்னியே!" என்றார் மாமு.

"சொல்லுங்கன்னு சொன்னேன் மாமு. குடுப்பேன்னு சொல்லல."

அவர் ஒவைஸைப் பார்த்தார். ஒவைஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

ஹஜ்ரத் எனக்கும் மாமுவுக்கும் நடுவில் வந்து நின்றார். பிறகு மாமுவிடம் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "பாய், நீங்க வர்றதும் வராததும் உங்க விருப்பம். ஆனா இவ்ளோ பேரு கேட்டப்புறம், நீங்க இந்தக் கூட்டத்துக்கு அமீரா நிக்கிறது சரியா இருக்காது. பைய என்னாண்ட குடுத்துடுங்க."

மாமு பையைக் கழற்ற முயன்றார். வார் ஜிப்பா பொத்தானில் மாட்டிக்கொண்டது. பக்கத்தில் நின்றவர்கள் யாரும் உதவிக்கு வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார், பொத்தான் தெறித்தது. பையைக் கொடுத்துவிட்டு, ஏதோ நினைத்துக்கொண்டு, திரும்ப வாங்கித் திறந்து, தன்னுடைய பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்துக்கொண்டார். கழுத்தில் கிடந்த பச்சை அட்டையையும் கழற்றினார். அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் வரிசையாக உள்ளே போனது. மாமு கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்றார். துப்பாக்கி வைத்திருந்த காவலர், "பாபா, ஜானா ஹே?" என்று, உள்ளே போக வேண்டுமா என்று இந்தியில் கேட்டார். இரண்டாம் தடவையும் கேட்டார். மாமு தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கி, தள்ளுவண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு வண்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

நான் அவரைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது.

"எப்ப மா குடுப்ப?" என்று கேட்டார். கோபமில்லை. உண்மையாகவே ஒரு நேரம் கேட்கிற மாதிரி கேட்டார்.

"தெரியாது மாமு. நேரம் சொல்றது உங்க தொழிலு."

நாலு நாள் கழித்து ரோஷன் கடை டிக்கெட்டில் தோஹா திரும்பினேன். இது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மாமு கடையைத் திறக்கிறார், மூடுகிறார். உம்ரா கூட்டம் சேர்ப்பதை விட்டுவிட்டார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து அம்மாவைப் பார்க்க வந்து, என்னிடமிருந்து போன் வந்ததா, ஏதாவது சொன்னேனா என்று கேட்கிறாராம். போன வாரம் அவருக்கு நெஞ்சு வலி வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாராம். "அந்த மனுஷன் மாப்பு வாங்காமலே போயிடப் போறாருடி" என்று அம்மா போனில் அழுதாள்.

அத்தாவின் முகத்தை நான் பார்க்கவில்லை என்றேன். அம்மா போனை வைத்துவிட்டாள். இன்றுவரை நான் கொடுக்கவில்லை.